கால் அடிக்கடி பிரளுற ஆக்களுக்கு மலையேறுற சப்பாத்து: உயரத்தைப் பாக்காதேங்கோ, குதியைப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு மலையேறச் சப்பாத்து வாங்கிறதில ஒரு கரைச்சல் என்னெண்டால், வாங்கினதைப் போட்டு ஏறி இறங்கிப் பாக்க இஞ்ச ஒரு மேடுகூட இல்ல. எல்லாம் தட்டைத் தறை. பண்ணைப் பாலத்தில பின்னேரம் நடந்து பாத்தால் எந்தச் சப்பாத்தும் நல்ல சப்பாத்துத்தான். அது சரியோ பிழையோ எண்டு தெரியவாறது சிவனொளிபாதமலையின்ர நல்லதண்ணிப் பாதையில பாதிவழி இறங்கேக்க. அப்ப தெரிஞ்சு என்ன பிரயோசனம், வான் கீழ நிக்கும், கால் மேல வீங்கியிருக்கும்.

சிவனொளிபாதமலை 2243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கத்தால போனால் கிட்டத்தட்ட 5500 படி. ஏறுறது நெஞ்சுக்கும் மூச்சுக்கும் சோதனை, இறங்கிறதுதான் கணுக்காலுக்குச் சோதனை. இரவிரவா நித்திரை இல்லாமல் வானில போய், இருட்டில ஏறி, சூரிய உதயம் பாத்துட்டு களைச்ச காலோட இறங்கேக்கதான் கன பேருக்குக் கால் பிரளுறது. ஏற்கனவே ஒருக்கா பிரண்ட கால் எண்டால் சொல்லத் தேவையில்ல, திரும்பவும் பிரளுறதுக்கு இருக்கிற பெரிய காரணமே முந்தி ஒருக்கா பிரண்டதுதான்.

இப்பிடிக் கால் உள்ள ஆக்கள் ஆரிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், கணுக்காலை மூடுற மாதிரி உயரமான பூட்ஸ் வாங்கு. கடைக்காரப் பெடியனும் அதைத்தான் சொல்லுவான், கனடாவில இருக்கிற மாமாவும் அதைத்தான் சொல்லுவார். அது முழுப் பொய் இல்ல, ஆனா அதில கால்வாசிதான் உண்மை. மிச்சம் முக்கால்வாசியைப் பாக்காமல் காசைக் குடுக்கிறதாலதான் விலை கூடின பூட்ஸ் போட்டும் கால் பிரளுது.

முதல்ல கால் என்னெண்டு பிரளுது எண்டு பாப்பம். கணுக்காலின்ர ரெண்டு பக்கமும் மொளி இருக்கு, வெளிப்பக்க மொளி உட்பக்கத்தைவிடக் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கும், தடவிப் பாத்தாலே தெரியும். அதால பாதம் வெளிப்பக்கம் சரிய முன்னம் எலும்பு தடுத்துப்போடும், உட்பக்கம் மடங்கிறதுக்குத் தடை குறைவு. உட்பக்கத்தில அகலமான தடிச்ச சவ்வு பிடிச்சிருக்கு, வெளிப்பக்கத்தில மூண்டு தனித்தனிச் சவ்வுகள். அந்த மூண்டில முன்னால இருக்கிறதுதான் பலம் குறைஞ்சது, பாதம் உள்ளுக்கு மடங்கேக்க முதல்ல இழுபட்டுக் கிழியுறதும் அதுதான். சுளுக்கு எண்டு சொல்லி நோவெண்ணெய் போட்டுத் தேய்க்கிறமே, அது பெரும்பாலும் இந்தச் சவ்வின்ர கதைதான்.

இறங்கேக்க ஏன் கூடப் பிரளுது எண்டதுக்கும் எலும்பிலதான் காரணம் இருக்கு. கணுக்கால் மூட்டுக்குள்ள இருக்கிற எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். பாதம் மேல மடங்கியிருக்கேக்க அகலமான பக்கம் ரெண்டு மொளிக்கும் நடுவில இறுக்கமா இருக்கும். விரல் கீழ பாக்கிற மாதிரி நீட்டினால் ஒடுங்கின பக்கம் வந்திடும், மூட்டு லூசாகிடும். படி இறங்கேக்க நீட்டின காலைத்தானே முதல்ல வைக்கிறம், அந்த நேரம் ஒரு சின்னக்கல் விளிம்பில மிதிபட்டால் காணும். பிரளுறது ஒரு செக்கனின்ர பத்தில ஒரு பங்கு அளவிலயே நடந்து முடிஞ்சிடும், காலின்ர வெளிப்பக்கத் தசை உசாராகி இழுத்துப் பிடிக்கிறதுக்கு அந்த நேரம் போதாது. அதால பிரளத் தொடங்கின பிறகு தடுக்கிறதைவிட, பிரளுற நிலைக்குப் போகாமல் பாக்கிறதுதான் சப்பாத்தின்ர வேலை.

இனி உயரக் கழுத்து. 1993இல அமெரிக்காவில கூடைப்பந்து விளையாடுற 622 மாணவர்களை வச்சு ஒரு ஆய்வு செய்தவை, உயரமான சப்பாத்துப் போட்டவைக்கும் கட்டைச் சப்பாத்துப் போட்டவைக்கும் கால் பிரளுறதில பெரிய வித்தியாசம் வரேல்ல. கூடைப்பந்து வேற மலை வேற, அது எனக்கும் தெரியும். ஆனா உயரம் எண்டது தன்னால காப்பாத்தாது எண்டுறதுக்கு அது காணும். யோசிச்சுப் பாருங்கோ, இப்ப வாற கன ஹைக்கிங் பூட்ஸில கழுத்துப் பக்கம் வெறும் ஸ்பொஞ்சும் வலைத்துணியும்தான், கையால அமத்தினால் மடங்கிப்போகும். கையால மடக்கக்கூடியது 70 கிலோ உடம்பு சரியேக்க என்னத்தைத் தாங்கும். தடிச்ச லெதர், மேல வரைக்கும் கொக்கி போட்டு லேஸ் இறுக்கிற பூட்ஸ் எண்டால் கதை வேற, அது உண்மையிலயே கொஞ்சம் தடுக்கும். மெத்தைக் கழுத்து செய்யுறது வேற வேலை, கல்லில மொளி அடிபடாமல் பாக்கும், அட்டையும் மண்ணும் உள்ளுக்குப் போறதைக் குறைக்கும், கணுக்காலைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதால கால் எப்பிடி நிக்குது எண்டு மூளைக்குக் கொஞ்சம் தெரியவைக்கும். அதுகளுக்காக வாங்கிறதெண்டால் வாங்குங்கோ.

அப்ப உண்மையில காலைப் பிடிக்கிறது என்ன? முதலாவது குதி. சப்பாத்தின்ர பின்பக்கம் குதியைச் சுத்தி உள்ளுக்கு ஒரு கெட்டிக் கிண்ணம் மாதிரி வச்சுத் தைச்சிருப்பினம். அதைப் பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் ரெண்டு பக்கமும் அமத்திப் பாருங்கோ. உள்ளுக்கு நசிஞ்சால் திருப்பி வச்சுட்டு அடுத்ததை எடுங்கோ, விலை என்னவா இருந்தாலும். குதி உள்ளுக்க ஆடினால் கணுக்காலும் ஆடும், மேல எவ்வளவு உயரம் இருந்தாலும் சரிதான். ரெண்டாவது முறுக்கு. ஒரு கையால குதியையும் மற்றக் கையால முன்பக்கத்தையும் பிடிச்சு ஈரத்துணி பிழியுற மாதிரி முறுக்குங்கோ. நல்ல சப்பாத்து கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சரியில்லாதது சும்மா முறுகும். அடிப்பாகத்துக்குள்ள நைலோனிலயோ இரும்பிலயோ ஒரு தகடு வச்சிருந்தால் அப்பிடி முறுகாது. கல்லின்ர ஓரத்தில பாதி கால் மட்டும் வச்சு நிக்கேக்க முழுச் சப்பாத்தும் சரியாமல் நிக்கிறது அந்தத் தகட்டாலதான். அதே நேரம் மடக்கியும் பாக்கவேணும், விரல் மடங்கிற இடத்தில மடங்கினால் நல்லது, நடுப்பாதத்தில மடங்கினால் அது நடக்கிற சப்பாத்து, மலைக்கு இல்ல.

மூண்டாவதை ஒருத்தரும் பாக்கிறேல்ல, அடியின்ர உயரமும் அகலமும். அடி தடிப்பாகத் தடிப்பாகக் குதி நிலத்தில இருந்து மேல போகும், மேல போகப் போகச் சரியேக்க கால் பிரட்டுற விசையும் கூடும். அதால இப்ப வாற மூண்டு விரல் தடிப்பு மெத்தை அடி, நடக்கச் சொகுசா இருந்தாலும் பிரளுற காலுக்கு நான் வாங்கச் சொல்லமாட்டன், அடி நல்லா அகலமா வெளிய விரிஞ்சிருந்தால் மட்டும் யோசிக்கலாம். கதிர்காமப் பாதயாத்திரைக்கு செல்வச்சந்நிதி கோயிலில இருந்து வெறுங்காலோட வெளிக்கிடுற ஐயாமாரைப் பாருங்கோ, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், ஒகந்தை, குமண எண்டு எவ்வளவு தூரம். வெறுங்காலில நிலத்துக்கும் குதிக்கும் நடுவில ஒண்டும் இல்ல, சரிஞ்சாலும் கொஞ்சந்தான் சரியும், அதோட கீழ என்ன கிடக்கு எண்டு பாதத்துக்கு உடன தெரியும். அதுக்காக நக்கிள்ஸ் மலைத்தொடரில வெறுங்காலோட ஏறச் சொல்லேல்ல. தடிப்பு எண்டால் பாதுகாப்பு எண்டு நினைக்கவேண்டாம் எண்டுதான் சொல்லவாறன்.

அளவு விசயத்தில எங்கட கால் கொஞ்சம் வித்தியாசம். சின்னனில இருந்து செருப்போடயும் வெறுங்காலோடயும் திரிஞ்ச கால், விரல் பக்கம் விரிஞ்சிருக்கும். ஒடுங்கின சப்பாத்துக்குள்ள அதைத் திணிக்கேலாமல் ஒரு சைஸ் கூட எடுப்பினம், அங்கதான் பிழை தொடங்குது. நீளம் கூடினவுடன குதி லூசாகிடும், குதி லூசானால் முன்னம் சொன்ன எல்லாம் வீண். விரல் பக்கம் அகலமா, குதிப்பக்கம் ஒடுக்கமா வாற அச்சில செய்த சப்பாத்தைத் தேடவேணும், கீன் மாதிரிச் சில கொம்பனிகள் முன்பக்கம் அகலத்துக்கே பேர்போனவை, வேற கொம்பனிகளிலயும் அகலச் சைஸ் எண்டு தனியா வரும். கடைக்குப் பின்னேரம் போங்கோ, பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம். மலைக்குப் போடப்போற அதே தடிச்ச சொக்ஸைக் கொண்டுபோங்கோ. லேஸ் இறுக்கிக் கட்டி மாடிப்படி இறங்கிப் பாருங்கோ, ரவுணில மாடி உள்ள கடை இல்லாமலோ. இறங்கேக்க பெருவிரல் முன்னுக்கு முட்டக்கூடாது, ஏறேக்க குதி மேல கிளம்பக்கூடாது. ரெண்டு காலும் ஒரே அளவு இல்ல, பெரிய காலுக்குத்தான் வாங்கவேணும்.

வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிற ஆக்கள் சைஸ் நம்பரைச் சொல்லாதேங்கோ. எங்கட கடையள்ல யூகே நம்பர், கனடாவில யூஎஸ் நம்பர், ஆம்பிளையளுக்கு ஒண்டு அளவில வித்தியாசம் வரும், பொம்பிளையளுக்கு ரெண்டு அளவில, ஐரோப்பா நம்பர் முற்றா வேற, அதோட கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஒரு பேப்பரில ஏறி நிண்டு, உடம்புப் பாரம் முழுக்க அந்தக் காலில வச்சு, சுத்திப் பென்சிலால கீறி, குதியில இருந்து நீளமான விரல் வரைக்கும் எத்தினை சென்ரிமீற்றர், விரல் விரியுற இடத்தில அகலம் எத்தினை எண்டு அளந்து அனுப்புங்கோ. நீளத்துக்கு மேல ஒரு சென்ரிமீற்றர் அளவில இடம் இருந்தால் காணும்.

இனி எங்கட வீடுகளில மட்டும் நடக்கிற ஒரு சங்கதி. மாமா வரேக்க கொண்டுவந்த நல்ல பூட்ஸ், பழுதாகிடும் எண்டு பெட்டியோட அலுமாரிக்கு மேல வச்சு, ஏழெட்டு வருசத்துக்குப் பிறகு மலைக்கு எண்டு எடுத்துப் போட்டால், ஏறிப் பாதியில அடி கழண்டு கையோட வரும். சனம் உடன டூப்ளிக்கேற் சாமான் தந்திட்டார் எண்டு மாமாவைத் திட்டும். அவர் பாவம். கன பூட்ஸில நடு அடி பொலியூரெத்தேனில செய்தது, அது நல்ல உறுதி, அமிழாது, ஆனா காத்தில இருக்கிற ஈரம் அதை உள்ளுக்குள்ளால உடைச்சுக்கொண்டே இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் கெதியா நடக்கும், யாழ்ப்பாணத்தில ரெண்டுக்கும் குறைவில்ல. போடாமல் வச்சிருந்தால் நல்லா இருக்கும் எண்டு நினைக்கிறது இதில தலைகீழ், இடைக்கிடை போட்டு நடந்தால்தான் அது கூடக் காலம் உழைக்கும். பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி வைக்கிறது அதைவிடப் பிழை. பழைய பூட்ஸ் எண்டால் போக முன்னம் நடு அடியில நகத்தால அமத்திப் பாருங்கோ, ஒட்டுற மாதிரி இருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ தூள் கொட்டினாலோ அதைத் தோட்டத்துக்கு வச்சிருங்கோ. ஈவிஏ எண்ட ஃபோம் அடி இப்பிடி உதிராது, அது காலப்போக்கில அமிழ்ந்து இறுகிப்போகும், அவ்வளவுதான். பழசு அஞ்சாறு வருசம் தாண்டினால் நான் மலைக்கு நம்பிக் கொண்டுபோகமாட்டன்.

ஆரும் போட்டுக் கழிச்ச பூட்ஸை வாங்கிறதெண்டால் இன்னொண்டும் பாக்கவேணும். மேசையில வச்சுப் பின்பக்கத்தால பாருங்கோ, குதியின்ர வெளி ஓரம் தேஞ்சிருக்கும், நடக்கிற கன பேருக்கு அங்கதான் தேயும். தேய்வு கூடினால் சப்பாத்து வெளிப்பக்கம் சரிஞ்சு நிக்கும். பிரளுற காலை அதுக்குள்ள வைக்கிறது, பிரளுறதுக்குப் பாதி வழியில கொண்டுபோய் விடுறதுக்குச் சமன்.

ரப்பர் பிடி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்ல, ஆழமான கட்டை போட்ட ரப்பர் வேணும், வழுக்கினால்தான் கன தரம் பிரளும். விப்ரம் எண்ட மஞ்சள் அடையாளம் பாத்திருப்பியள், அதுக்குப் பின்னால ஒரு கவலையான கதை. 1935இல இத்தாலி அல்ப்ஸ் மலையில சரியான சப்பாத்து இல்லாமல் ஆறு பேர் செத்துப்போச்சினம், அவையளின்ர கூட்டாளி விற்றாலே பிரமானி எண்டவர் அதுக்குப் பிறகுதான் ரப்பர் அடி செய்ய இறங்கி 1937இல கொண்டுவந்தவர். ஆனா இஞ்ச சந்தையில அந்த மஞ்சள் அடையாளம் ஒட்டினதெல்லாம் அது இல்ல. நகம் வச்சால் பிளாஸ்ரிக் மாதிரிக் கடகடவெண்டு இருந்தால் ஈரக்கல்லில கால் நிக்காது.

தண்ணி போகாத கோர்ரெக்ஸ் துணி வேணுமோ எண்டால், எங்கட நாட்டுக்கு எனக்கு அதில பெரிய ஆசை இல்ல. வெக்கையில கால் உள்ளுக்க வேகும், நக்கிள்ஸில ஆறு கடக்கேக்க மேலால தண்ணி போனால் பேந்து வெளிய வராது, நனைஞ்ச தோல் கெதியாக் கொப்புளிக்கும். கொப்புளம் வந்தால் நடை மாறும், நடை மாறினால் கால் பிரளும். பாரமும் கூடாமல் இருக்கவேணும், காலில 100 கிராம் கூடினால் உடம்புக்கு ஒரு சதவீதம் அளவில கூடச் செலவு எண்டு கணக்கு, ஒரு சோடி பாரமான லெதர் பூட்ஸுக்கும் கட்டை ஹைக்கிங் சப்பாத்துக்கும் நடுவில ஒரு காலுக்கு 300, 400 கிராம் வித்தியாசம் சும்மா வரும். களைச்ச கால்தான் பிரளுற கால். இரும்புத் தொப்பி வச்ச வேலைச் சப்பாத்தை மலிவு எண்டு எடுத்துக்கொண்டு வாறவைக்கு இது விளங்கவேணும்.

இடத்தைப் பொறுத்தும் மாறும். சிவனொளிபாதமலை பெரும்பாலும் கட்டின படி, அதுக்கு குதி இறுக்கமான கட்டைச் சப்பாத்தே காணும். ஹோட்டன் சமவெளியில உலகமுடிவு எண்ட மலை விளிம்புக்குப் போய்ச் சுத்தி வாற பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவில, மழை அரிச்ச கிடங்கும் கழண்ட கல்லும் வேரும், அங்க முறுகாத அடி வேணும். நக்கிள்ஸ்தான் இதில பொல்லாதது, புல்லுக்குள்ள கிடங்கு தெரியாது, கல்லில பாசி, அட்டை வேற, அங்க எண்டால் கெட்டியான உயரக் கழுத்துக்கு நானும் சரி எண்டுவன். கண்டியில இருந்து நுவரெலியா வரைக்கும் போற பீக்கோ றெயில், 22 துண்டா 300 கிலோமீற்றர், கூடுதலாத் தேயிலைத் தோட்டத்து ரோட்டு, பாரமான பூட்ஸ் அங்க தண்டனை.

எவ்வளவு நல்ல சப்பாத்தையும் லேஸ் கட்டுற விதம் கெடுத்துப்போடும். பாதத்தின்ர வளைவுக்கு மேல, கால் மேல திரும்பிற இடத்தில, ரெண்டு லேஸையும் ஒரு சுத்துக்குப் பதிலா ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்குங்கோ. அது அங்கயே பூட்டிக்கொள்ளும், கீழ இறுக்கினது மேல லூசாகாது, குதி பின்னுக்கு ஒட்டிக்கொள்ளும். கட்டைச் சப்பாத்தெண்டால் கடைசி ரெண்டு ஓட்டையிலயும் லேஸால ஒரு சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதுக்குள்ளால எடுத்து இழுங்கோ. ஏறேக்க மேல கொஞ்சம் லூசா விடலாம், இறங்கத் தொடங்க முன்னம் நிண்டு திரும்பக் கட்டவேணும். உச்சியில படம் எடுக்கிற நேரத்தில பாதி நேரம் இதுக்குக் காணும்.

பாமசியில விக்கிற இலாஸ்ரிக் உறை சூடாவும் பிடிச்ச மாதிரியும் இருக்கும், ஆனா பிரளுறதைப் பெரிசா நிப்பாட்டாது. லேஸ் போட்டு இறுக்கிற, பக்கத்தில பட்டி வாற பிறேஸ்தான் உண்மையில வேலை செய்யுது, விளையாட்டுக்காரரில செய்த ஆய்வுகள் அதுக்கு நல்ல சாட்சி. வாங்கிறதெண்டால் பிறேஸை முதல் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு சப்பாத்துக்கடைக்குப் போங்கோ, இல்லாட்டி ரெண்டும் ஒண்டா உள்ளுக்கப் போகாது. கையில ஒரு தடி, ஏலுமெண்டால் ரெண்டு. காசு குடுத்துத்தான் வாங்கவேணும் எண்டில்ல, நேரான பூவரசந்தடி வெட்டிச் சீவினாலும் வேலை ஒண்டுதான்.

சப்பாத்தால முடியாத பங்கு ஒண்டு இருக்கு, அது காலின்ர ஞாபகம். ஒருக்கா பிரண்டால் சவ்வோட சேர்ந்து, கால் எப்பிடிச் சரிஞ்சு நிக்குது எண்டு மூளைக்குச் சொல்லுற நரம்பு வேலையும் மந்தமாகிடும். நோ ரெண்டு மூண்டு கிழமையில போயிடும், இது தன்னால போகாது. நெதர்லாந்தில 522 விளையாட்டு வீரர்களை வச்சு 2009இல வெளிவந்த ஆய்வில, வீட்டில தாங்களா எட்டுக் கிழமை சமநிலைப் பயிற்சி செய்தவைக்கு திரும்பப் பிரளுறது மூண்டில ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுது. மெஷின் ஒண்டும் தேவையில்ல. பல்லுத் தீட்டேக்க ஒற்றைக்காலில நில்லுங்கோ, பழகினால் கண்ணை மூடி, பிறகு மடிச்ச தலாணிக்கு மேல. பழைய சைக்கிள் ரியூப்பை மேசைக் காலில கட்டி, பாதத்தை அதுக்குள்ள விட்டு வெளிப்பக்கம் தள்ளுங்கோ, அந்த வெளிப்பக்கத் தசைக்கு அதுதான் தீனி. படியின்ர ஓரத்தில நிண்டு குதியை ஏத்தி இறக்குங்கோ.

அப்பிடியும் பிரண்டால், எழும்பி நாலு அடி வைக்க ஏலுதோ எண்டு பாருங்கோ. ஏலாட்டியோ, மொளியின்ர பின் விளிம்பில கீழ் ஆறு சென்ரிமீற்றருக்குள்ள எலும்பை அமத்த நொந்தாலோ, சின்னவிரல் பக்கப் பாத ஓரத்தில நடு எலும்பு நொந்தாலோ எக்ஸ்ரே எடுக்கவேணும். கனடாவில 1992இல கொண்டுவந்த இந்த விதியை இப்ப உலகம் முழுக்க டொக்டர்மார் பாவிக்கினம். முறிவு நெரிவு பாக்கிற பரியாரியாரிட்டப் போறது உங்கட விருப்பம், ஆனா எக்ஸ்ரேக்குப் பிறகு போங்கோ, முதல் ரெண்டு நாளும் வீக்கத்தில ஒருத்தரையும் உருவவிடாதேங்கோ.

சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியோட தொடங்கி வைகாசி வெசாக் வரைக்கும். தைப்பொங்கல் லீவுக்குப் போறதெண்டால் கார்த்திகையிலயே சப்பாத்தை வாங்குங்கோ. அப்பதான் எட்டுக் கிழமைப் பயிற்சிக்கும் நேரம் கிடைக்கும், புதுச் சப்பாத்தும் காலுக்குப் பழகும், எங்க உரசுது எண்டும் வீட்டிலயே தெரிஞ்சிடும், மாத்துறதெண்டால் கடைக்காரன் ரிசீற் இருக்கோ எண்டு கேக்கேக்க அதுவும் கையில இருக்கும்.